மூன்று வெட்டில் தெரிய வேண்டும்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூத்த ஊழியரான அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் மூணுவெட்டு என்று பெயர். வைத்தவள் நான்தான், நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண் எரிய எரிய உட்கார்ந்து நான் குறித்து வைத்த இணைப்புகளில் பாதியை அக்கா ஒரே மதியத்தில் அழித்துப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு வெட்டுலயாவது தெரியணும்மா. ஒரு வெட்டுல தெரியுறது வெறும் கறையாக்கூட இருக்கலாம்" என்றார். அந்தக் கோபத்தில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வெட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ இறைச்சிக்கடை என்று நினைத்துக்கொள்வீர்கள். மூளையின் மேல்பரப்பை மடிப்பு மடிப்பாக மூடியிருக்கும் சாம்பல் நிறப் பட்டைக்குப் புறணி என்று பெயர். யோசிப்பது, பேசுவது, கையைத் தூக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. முன்பின் தெரியாத ஒருவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தபோது எடுக்கவேண்டி வந்த கடுகளவு புறணியை, அவர் சம்மதத்தோடு எங்கள் கூடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதை வைரக் கத்தியால் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியதாக வெட்டு வெட்டாகச் சீவி, ஒவ்வொரு வெட்டையும் மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு நரம்புச் செல்லின் இழை ஒரு படத்தில் சின்ன வட்டமாகத் தெரியும். அடுத்த படத்தில் அந்த வட்டம் சற்று நகர்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே படம் படமாகப் போய், எங்கே கிளை விடுகிறது, எந்தச் செல்லோடு சேர்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. முதல் சுற்றைக் கணினியே முடித்து வண்ணம் அடித்துத் தந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு கோணல் புத்தி உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை எல்லாம் சொந்தக்காரர்கள் என்று எழுதிவிடும்.

புறணிக்குள் காலி இடம் என்பதே கிடையாது. இழைகள் நெரிசலில் நிற்கும் ஆட்களைப் போல ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் கிடக்கும். ஓர் இழை இன்னோர் இழையை நெடுந்தூரம் தொட்டுக்கொண்டே போகும், ஒரு வார்த்தை பேசியிருக்காது. உண்மையான இணைப்பு என்றால் அனுப்பும் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பைகள் கூட்டமாக நிற்க வேண்டும். சேதி அந்தப் பைகளுக்குள் ரசாயனமாக இருக்கிறது. நடுவில் மெல்லிய இடைவெளி வேண்டும். வாங்கும் பக்கத்தில் கரிய தடிப்பு வேண்டும். இவ்வளவும் அடுத்தடுத்து மூன்று வெட்டிலாவது தெரிந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம் என்பது கூடத்தின் விதி. நாங்கள் அதை மேலதிகாரி பார்க்கும்போது கடைப்பிடித்தோம். அக்கா யாரும் பார்க்காதபோதும் கடைப்பிடித்தார்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். அக்கா எவ்வளவு பேசமாட்டாரோ அவ்வளவும் சேர்த்து அவர் பேசுவார். முதல் ஷிப்ட் முடிந்த நாட்களில் சாயங்காலம் அக்காவை அழைத்துப் போக வந்து, வரவேற்பறையில் காவலாளியோடு ஊர்க்கதை எல்லாம் அளந்துகொண்டிருப்பார். அகலமான கைகள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். என்னைப் பார்த்தால், "என்ன, இன்னைக்கு எத்தனை மூளையத் தின்னீங்க ரெண்டு பேரும்?" என்பார். நான் சிரிப்பேன். அக்கா முறைப்பார்.

வரவேற்பறைச் சுவரில் புறணியின் ஆறு அடுக்குகளைக் காட்டும் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒருநாள் அதன்முன் நின்று இதென்ன என்று கேட்டார். அக்கா ஒவ்வோர் அடுக்காகக் கைவைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். கண், காது, தோலிலிருந்து வரும் சேதி மூளையின் நடுவே ஓரிடத்தில் கூடி, அங்கிருந்து பெரும்பாலும் நான்காவது அடுக்கில் வந்து சேரும். நான்கிலிருந்து மேலே மூன்றுக்கும் இரண்டுக்கும் போகும். அங்கே இருக்கும் செல்கள் தங்களுக்குள்ளும் பக்கத்துப் பகுதிகளோடும் பேசிக்கொண்டு ஐந்தாவதுக்கு இறக்கிவிடும். ஐந்தில் இருப்பவை பெரிய செல்கள். அவற்றின் நீண்ட இழைகள் மூளையைவிட்டு வெளியே, முதுகுத்தண்டுவரைகூடப் போகும். ஆறாவது அடுக்கு, சேதி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே பதில் அனுப்பும். முதல் அடுக்கில் செல்கள் அனேகமாக இல்லை, கீழேயிருந்து ஏறிவந்த கிளைகள்தான் படர்ந்து கிடக்கும்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, "அப்போ நாலு வெளியூர் வண்டி நிக்குற இடம். மேல ரெண்டும் மூணும் டவுன் பஸ்ஸு. அஞ்சு எக்ஸ்பிரஸ். ஆறு, வண்டி வந்து சேர்ந்துடுச்சுன்னு டிப்போவுக்குப் போன் போடுறவன். ஒண்ணு சும்மா நிழற்குடை. சரிதானே?" என்றார். அவ்வளவு நேராக இல்லை, கீழிருந்து மேலேயும் குறுக்கேயும் ஆயிரம் வழி இருக்கிறது, உடம்பை அசைக்கும் பகுதியில் நான்காவது அடுக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்திருக்கும் என்று அக்கா திருத்தினார். ரூட் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று இவர் விட்டுக்கொடுக்கவில்லை. புறணியில் ஐந்து செல் இருந்தால் அதில் ஒன்றுக்கு வேலையே மற்ற செல்களை 'வேண்டாம்' என்று அடக்குவதுதான் என்று சொன்னபோது மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. "அது பிரேக்கும்மா. அது இல்லாம நான் வண்டியவே எடுக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் விழுந்தார். நல்லவேளையாக வண்டியில் இல்லை, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பக்கமும் உள்பக்கமாக ஓடும் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டன. உயிர் பிழைத்தார். ஆனால் கால்கள் போயின. பேச்சு போயிற்று. தொண்டையோ நாக்கோ கெடவில்லை, பேச வேண்டும் என்று கிளம்புகிற இடமே கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். கண் திறந்திருக்கும், ஆளைப் பார்க்கும். பார்ப்பதற்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பது மட்டும் தெரியாது. 

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா மறுபடி வேலைக்கு வந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை அமர்த்தியிருந்தார். கொஞ்ச நாளில் அக்கா முகத்தில் பழைய களை திரும்பியது. மதியம் டப்பாவைத் திறக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார். தினமும் காலையில் துணியை நனைத்து அவர் உள்ளங்கையைத் துடைக்கும்போது, அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறாராம். சும்மா இல்லை, இறுக்கி. வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னாலும் விடுவதில்லையாம். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படிப் பிடிச்சதே இல்ல" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவை மூடினார். அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரிலிருந்து மகள் வந்தாள். அவளுக்கு வேறு ஊரில் குடும்பம், கைக்குழந்தை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கிறாள், அவர் அவள் கையையும் இறுக்கிக்கொண்டார். "அப்பாவுக்கு என்னைத் தெரியுதும்மா" என்று அவள் அழுதாளாம், அக்காவும் கூட அழுதாராம். இரண்டு பேரும் அன்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்களாம்.

மறுநாள் பயிற்சி கொடுக்க வரும் பெண் வந்தாள். கை கால்களை நீட்டி மடக்கிவிடுபவள், வேலையில் கெட்டிக்காரி. மகள் வெளியே போயிருந்த நேரம். கை பிடிப்பதைப் பற்றி அக்கா சந்தோஷமாகச் சொன்னதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா அதைக் கவனித்துவிட்டு, எதுவானாலும் சொல்லச் சொன்னார். அவள் மேசையிலிருந்த கரண்டியை எடுத்து, அதன் காம்பை அவர் உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுத்தாள். விரல்கள் மூடி, கரண்டியை அதே இறுக்கத்தோடு பிடித்துக்கொண்டன.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதுதான் இது. வளர வளரப் புறணியின் முன்பகுதி அந்தப் பிடியை அடக்கிவைக்கிறது, அங்கே அடிபட்டால் பிடி திரும்பிவிடுகிறது. இதை எல்லாம் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம். அக்காவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "பிரேக் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாராம். பிறகு, இவர் பிடிப்பது தானாக நடப்பதா, தெரிந்து செய்வதா என்று பார்க்க வழி உண்டா என்று கேட்டார். அந்தப் பெண், பிடிப்பதை வைத்துச் சொல்ல முடியாது, விடச் சொன்னால் விடுகிறாரா என்று பார்க்கலாம் என்றாள். கையின் பின்புறத்தைத் தடவிவிட்டால் பிடி தானே தளரும், அது கணக்கில் சேராது. தொடாமல், வாயால் மட்டும் சொல்லி விட்டாரானால், சொன்னது உள்ளே போய் ஓர் ஆளிடம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. நான்தான் அழுதேன். அவர் விடாமல் பிடித்துக்கொண்ட ஒவ்வொரு காலையிலும் அக்கா எவ்வளவு பூரித்துப்போயிருந்தார். அந்த விடாப்பிடிதான் நோய் என்று ஒரு கரண்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

மகளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். பிள்ளை இரண்டு நாளில் ஊருக்குப் போகிறாள், அந்த நினைப்போடு போகட்டுமே, யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றேன். அக்கா, "தப்பாச் சேர்த்ததுன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா விட்டு வைக்கிறது?" என்றார். அன்று சாயங்காலமே மகள் முன்னால் கரண்டியை எடுத்து அப்பா கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். மகள் கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "உனக்கு எல்லாமே உன் படம்தானாம்மா? எங்கப்பா உனக்கு ஒரு வெட்டா?" என்று கேட்டாளாம். மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போய்விட்டாள். போனில் பேசுவதும் நின்றது. அப்பா எப்படி இருக்கிறார் என்று, அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.

எனக்கு அக்கா மேல் பயங்கரக் கோபம். இப்படியும் ஒரு மனுஷியா, நெஞ்சில் ஈரம் கிடையாதா என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் திரையை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐந்தாவது அடுக்கில் ஒரு பெரிய செல்லை அக்கா நெடுநாளாகத் தொடர்ந்துகொண்டிருந்தார். நாங்கள் அதைப் பெரியவர் என்போம். அதன் தண்டு ஒன்று நான்கையும் மூன்றையும் இரண்டையும் தாண்டி மேலே ஏறி, முதல் அடுக்கில் கிளைகளாக விரிந்திருந்தது. அதன் உடம்பெல்லாம் மேலேயிருந்து வந்த இழைகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்திருந்தன. அந்த நாட்களில் அக்கா அவற்றில் ஒவ்வொன்றையும் முன்பைவிட நிதானமாகப் பார்த்தார். இல்லாததை அழிக்கும்போது அவர் விரல் ஒரு நொடி பொத்தானுக்கு மேலேயே நிற்கும். பிறகு அழிப்பார். அதைப் பார்த்தபின் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு காலையும் அக்கா சோதித்தார். கையைத் துடைப்பார், அவர் பிடித்துக்கொள்வார், அக்கா முகத்துக்கு நேரே குனிந்து, "விடுங்க, எனக்கு நேரமாச்சு" என்பார். அவர் விட மாட்டார். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவர் கையின் பின்புறத்தைத் தடவி விடுவித்துக்கொண்டு வேலைக்கு வருவார். நாங்கள் இதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவர் வந்து நாற்காலியை இழுக்கும் சத்தத்திலேயே அன்றைக்கும் விடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அக்கா உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய், திரை வெளிச்சம் கெடக்கூடாது என்று எப்போதும் மூடியே வைத்திருக்கும் கறுப்புத் துணியைச் சற்று விலக்கி, வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நாளைக்கும் நாளை மறுநாளும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்று என் இணைப்புகளில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாய் திறந்து கெடுத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அழுதுகொண்டே பேசினார். படுத்தே கிடந்தவருக்குக் காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று பிறகு மருத்துவர் சொன்னார். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தன் கையை வைத்தார். விரல்கள் மூடவில்லை. அப்போதுதான் அக்கா அழுதார். அந்த மனுஷியிடம் அவ்வளவு பெரிய அழுகை இருந்தது என்று நான் நினைத்ததே இல்லை.

மகள் வந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், காரியங்கள் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தார்கள். ஆனால் ஆள் பார்க்க நடந்த கட்டிப்பிடிப்பு அது. மகள் ஊருக்குத் திரும்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்மா" என்றாள். அக்கா தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

அக்கா மறுபடி வேலைக்கு வந்த முதல் வாரத்தில், பெரியவரின் மேல்கிளை ஒன்றில் எனக்கு ஓர் இடம் சந்தேகமாக இருந்தது. பைகள் இருந்தன, கரிய தடிப்பும் இருந்தது, ஆனால் ஒரே ஒரு வெட்டில். முந்தின படத்திலும் இல்லை, பிந்தின படத்திலும் இல்லை. அக்காவை அழைத்துக் காட்டினேன். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். "இல்லம்மா, எடுத்துடு" என்றார். எடுத்தேன். அவர் தன் நாற்காலிக்குப் போகாமல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அன்னைக்குக் காலையில விட்டார்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று பயம். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நேரமாயிற்று, விடுங்கள் என்றதும், கொஞ்சம் பொறுத்து, விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தனவாம். பின்கையை அக்கா தொடவில்லை. போர்வை பட்டிருக்குமோ என்று பார்த்தார், போர்வை இடுப்புக்குக் கீழே கிடந்தது. ஈரத்துணி மற்றொரு கையில் இருந்தது. அசதியில் தளர்ந்ததோ என்று மறுபடி உள்ளங்கையில் விரலை வைத்தார், அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பதற்குள் உண்மையிலேயே நேரமாகிவிட்டது. சாயங்காலம் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார். மூன்று தடவை பார்த்துவிட்டு மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தாராம்.

ஏன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? அவளோடதை வேணாம்னு எடுத்துட்டு, என்னோடதை மட்டும் எப்படி வெச்சுக்கிறது?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. அக்காவின் மேல் மட்டுமா, அந்தக் கரண்டி மேல், அந்த மூன்று வெட்டின் மேல், ஒரு சாயங்காலம்வரைகூடப் பொறுக்காமல் போய்விட்ட அந்த வாயாடி மனிதர் மேல். வயதில் பெரியவர் என்றும் பார்க்காமல் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போய், போனை அவர் கையில் திணித்து, பேசுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கதவை மட்டும் சாத்தவில்லை.

 பிறகு அக்கா மெல்லச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. போர்வையைச் சொன்னார், ஈரத்துணியைச் சொன்னார், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பக்கம் மகள் எத்தனை தடவை என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு தடவைதாம்மா" என்றார். "அதுக்கப்புறம் பார்க்க முடியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் கணக்குல சேர்த்துக்கிட்டேன். நீயும் சேர்த்துக்கோ."